விலை ஒட்டுகிறவர் மகள்

பள்ளிக்கூட மணி அடித்ததும் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஜுசாராவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பினாள். சிரிப்பு நின்றது. நடந்தாள். மறுபடியும் சிரிப்பு.

கையைப் பின்னால் விட்டுத் துழாவினாள். முதுகில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்துப் பார்த்தாள்.

'காலையில் 10. மத்தியானம் 14. சாயங்காலம் கேட்காதே!'

"யாரு ஒட்டினது?"

"நான்தான்," என்றான் வாண்டர்லே. அவன் கொஞ்சமும் பயப்படவில்லை. "உங்க அப்பா எங்க வீட்டுப் பாலுக்கு ஒட்டறாரு. நான் உனக்கு ஒட்டினேன். ரெண்டும் சரியாப் போச்சு."

கூட நின்ற ஏழெட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜுசாரா காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். நல்ல பதில் ஒன்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அது தோன்றியது வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிய பிறகு. அங்கே கேட்பதற்கு ஒரு பூனைதான் இருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் வருடம். பிரேசிலில், ரோஜாத் தோட்டங்கள் சூழ்ந்த பார்பசேனா என்ற மலையூரில் ஜுசாராவுக்குப் பத்து வயது. அப்போது பணம் என்பது கையில் பிடித்த பனிக்கட்டி மாதிரி. இந்த வாரம் இரண்டு ரொட்டி வாங்கிய குருசாடோ நோட்டுக்கு அடுத்த வாரம் ஒன்றுதான் வரும். அதற்கும் அடுத்த வாரம் ரொட்டிக்கடைக்காரர் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு தாயி," என்பார்.

அதனால் அந்த ஊரில் யாரும் பணத்தைச் சேர்த்து வைக்கவில்லை. சாமான்களைச் சேர்த்து வைத்தார்கள். மூன்றாம் வீட்டு மாமா மாதாமாதம் சம்பளம் வந்த அன்றே செங்கல் வாங்கி அடுக்கிவிடுவார். "நோட்டு கரையும், கல்லு கரையாது," என்பார். ஜுசாராவின் கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு கிலோ அவரைப் பருப்பும் நாற்பது சோப்புக் கட்டிகளும் இருந்தன. அவளுக்கு வந்த கனவுகளில்கூட சோப்பு வாசனை அடித்தது.

சம்பள நாள் என்றால் ஓட்ட நாள். ஆலையிலும் தோட்டத்திலும் மத்தியானம் சம்பளத்தைக் கொடுத்தவுடன் ஊரே மேல்தெருவில் இருந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடும். அம்மா அரிசிக்கு, அண்ணன் சர்க்கரைக்கு, தங்கை எண்ணெய்க்கு என்று பிரித்துக்கொண்டு ஓடுவார்கள். ஏனென்றால் அங்கே, அலமாரி வரிசைகளுக்கு நடுவே, கையில் ஒரு சின்னக் கருவியோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பார். 'டிக்' என்று அழுத்தினால் புது விலை எழுதிய சீட்டு பழைய சீட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். அவர் வருவதற்கு முன்னால் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டால் பழைய விலை. அவர் வந்து போன பிறகு எடுத்தால் புது விலை. மத்திமீன் டப்பாக்களில் எட்டுச் சீட்டுகள்கூட ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

அவர்தான் அடெல்மோ. ஜுசாராவின் அப்பா.

நான்கு மாதங்களுக்கு முன்னால்தான் அந்த வேலையில் சேர்ந்தார். சேர்ந்ததிலிருந்து தெருவில் பலர் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அவரும் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார்.

முதுகில் சீட்டு ஒட்டப்பட்ட அன்றே சம்பள நாளும் வந்து வாய்த்தது. எதிர்வீட்டு சுல்மீரா அத்தை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஜுசாரா! கூடையை எடுத்துக்கிட்டு வர்றியாடி? பென்ஷன் வாங்கிட்டேன். இது சாயங்காலத்துக்குள்ள செத்துப் போயிடும்."

சுல்மீரா அத்தை முப்பத்தொரு வருடம் தையல் ஆலையில் மிஷின் மிதித்தவள். முழங்கால் இரண்டும் அந்த மிஷினோடு போயிற்று. நாக்கு மட்டும் தேயவில்லை. கடைக்குள் எல்லோரும் அவளைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள்.

"ஓடுங்கடா, ஓடுங்க! உலகக் கோப்பைக்கு உங்களைத்தான் கூப்பிடப் போறாங்க!" என்று அவள் கத்தினாள்.

அத்தைக்கு முக்கியமாக வேண்டியது எண்ணெய். நான்கு குருசாடோ வீதம் இரண்டு பாட்டில். அதற்கென்றே எட்டு குருசாடோவைத் தனியாக முடிந்து வைத்திருந்தாள். ஜுசாராவின் தோளைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் வரிசைக்கு வந்தாள். இன்னும் பத்தடி. அந்த நேரம் பார்த்து மறுமுனையிலிருந்து ஜுசாராவின் அப்பா சத்தமில்லாமல் திரும்பினார்.

டிக். டிக். டிக்.

"அடெல்மோ! ஒரு நிமிஷம் பொறு, நான் கைய நீட்டிக்கிறேன்!"

அப்பா நிமிர்ந்து மேலே பார்த்தார். மாடியில் கண்ணாடி அறைக்குள் மேனேஜர் ஒட்டாசிலியோ நின்றுகொண்டிருந்தார். அப்பா மகளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

டிக். டிக்.

நான்கு ஐந்தாகிவிட்டது. அத்தை ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக் கூடையில் வைத்தாள். வீடு வரைக்கும் யாரையும் திட்டவில்லை. அதுதான் ஜுசாராவுக்குத் தாங்கவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அப்பா தட்டில் இருந்த அவரையைக் கரண்டியால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அப்பா, அந்த ரெண்டு பாட்டிலை மட்டும் விட்டிருக்கலாமே?"

"ஒண்ணை விட்டாலும் மேனேஜர் கண்ணுல பட்டுரும்மா. என் இடத்துக்கு வாசல்ல இருபது பேர் நிக்கிறான். வேலை போச்சுன்னா?"

"எல்லாரும் உங்களைத்தான் திட்டறாங்க."

"விலையை நான் ஏத்தலையே. சீட்டைத்தானே ஒட்டறேன்." சொல்லிவிட்டு, அது தனக்கே பிடிக்காத பதில் போல, எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஜுசாரா அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை கோபமாக இருப்பாள் என்று நினைத்தாள். அத்தை காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பன் மேல கோபமா? அட போடி. அவன் ரொட்டி வண்டி ஓட்டின காலத்தை நான் மறந்துடுவேனா?"

ஜுசாராவும் மறக்கவில்லை. ரொட்டி ஆலை மூடப்படும் வரைக்கும் அப்பா ஒரு மஞ்சள் வண்டியில் காலைதோறும் ஊரைச் சுற்றி வந்தார். அந்த வண்டிக்கு ஹாரன் கிடையாது, அப்பாவின் சீழ்க்கைதான். சந்து முனையிலேயே அது ஆரம்பித்துவிடும். ஏறி, இறங்கி, கடைசியில் ஒரு விக்கல் மாதிரித் துள்ளும். அதைக் கேட்டதும் கதவுகள் திறக்கும். இரவு உடையோடு மாமாக்களும், தலைவாராத அத்தைகளும், பல்விளக்கும் பிள்ளைகளும் வெளியே வருவார்கள். சூடான ரொட்டி வாசனை தெரு முழுக்க நடந்து போகும். ஜுசாரா முன்சீட்டில் உட்கார்ந்து சில்லறை கொடுப்பாள். அந்தக் காலத்தில் சில்லறை என்று ஒன்று இருந்தது.

"அவன் விசில் சந்து முனையில கேக்கும்போது நான் பாலை அடுப்புல வைப்பேன்," என்றாள் அத்தை. "வாசலுக்கு வரும்போது பால் பொங்கும். அப்படிக் கணக்கு! இப்ப பூனை மாதிரி ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டு வர்றான். எந்த வரிசையில இருக்கான், எந்தப் பக்கம் வர்றான், ஒண்ணும் தெரியல. தெரிஞ்சா நானும் முன்னாடியே கிளம்பிப் போயிருப்பேன்ல? ஓடத்தான் முடியாது. கிளம்ப முடியும்."

ஜுசாரா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னடி, சூடா இருக்கா?"

"இல்லத்த. நான் போகணும்."

அப்பா தோட்டத்தில் கோழிக்கூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜுசாரா மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நீங்க ஒரு பாட்டிலையும் விட வேணாம். எல்லாத்துக்கும் ஒட்டுங்க."

"சரி."

"மெதுவாவும் ஒட்ட வேணாம். வழக்கம்போலவே ஒட்டுங்க."

"சரி. அதைத்தானே செய்யறேன்?"

"ஒட்டும்போது விசில் அடிங்க. அவ்வளவுதான்."

அப்பா சுத்தியலைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்கு மாதங்களில் அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

"மேனேஜர் கேட்டா?"

"கடையில விசில் அடிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"எச்சில் துப்பக் கூடாதுன்னு எழுதியிருக்கு. கடன் கேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. விசில்..." அப்பா யோசித்தார். "இல்ல. அது இல்ல."

அடுத்த சம்பள நாள் வந்தது. ஜுசாராவும் சுல்மீரா அத்தையும் இரண்டு மணிக்கே கடைக்குள் இருந்தார்கள். கதவு வழியாக ஊர் உள்ளே கொட்டியது. அப்பா மேனேஜரிடமிருந்து பட்டியலை வாங்கிக்கொண்டு சோப்பு வரிசைக்குப் போனார்.

டிக். டிக். வேறு சத்தம் இல்லை.

ஜுசாரா எட்டிப் பார்த்தாள். அப்பா உதட்டைக் குவித்தபடிதான் நின்றார். காற்று மட்டும் வந்தது. அவர் உதட்டை நக்கிக்கொண்டார். மறுபடியும் காற்று. ஐந்து மாதம் சும்மா இருந்த வாய் அல்லவா? அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. அவர் கண் மேலே கண்ணாடி அறைக்குப் போய்ப் போய் வந்தது.

ஜுசாராவுக்கு சீழ்க்கை அடிக்கவே தெரியாது. ஆனாலும் அப்பா பக்கத்தில் போய் நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். 'ப்ஃபூஊஊ' என்று ஒரு சத்தம் வந்தது. டயரிலிருந்து காற்றுப் போகும் சத்தம்.

"அது என்னது?" என்றார் அப்பா.

"நம்ம ரொட்டிப் பாட்டு."

"இதுவா? இதைக் கேட்டா ஊர்ல ஒருத்தனும் ரொட்டி வாங்கியிருக்க மாட்டான். தள்ளு!"

அவர் ஊதினார். சீழ்க்கை ஏறியது, இறங்கியது, கடைசியில் விக்கல் மாதிரித் துள்ளியது.

கடைக்குள் ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். ரொட்டி வண்டி வந்துவிட்டதோ என்று ஒரு பாட்டையா வாசல் பக்கம் திரும்பியே விட்டார். பிறகு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தைக்கு மட்டும் புரிந்தது.

"சோப்புல இருக்கான்," என்றாள் காதைத் தீட்டிக்கொண்டு. "அப்ப எண்ணெய்க்கு இன்னும் நேரம் இருக்கு. வாடி, கிளம்பலாம்."

இருவரும் கிளம்பினார்கள். சீழ்க்கை அரிசிக்கு நகர்ந்தபோது அவர்கள் காப்பித்தூளைத் தாண்டினார்கள். சீழ்க்கை அவரைப் பருப்புக்கு வந்தபோது எண்ணெய் அலமாரி முன்னால் நின்றார்கள். ஐந்தரை குருசாடோ. சீழ்க்கை வந்து சேர்ந்தால் ஏழாகிவிடும், ஆனால் இந்த நிமிடத்தில் ஐந்தரை. அத்தை இரண்டு பாட்டில்களை எடுத்து, குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு!" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "முட்டி தேஞ்சவ ரெண்டு வாங்கிட்டேன்!"

அப்போதுதான் ஜுசாரா வாண்டர்லேயைப் பார்த்தாள். சர்க்கரை வரிசையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, டப்பாப் பாலை எடுக்கலாமா வேண்டாமா என்று விலையைப் படித்துக்கொண்டிருந்தான். கையில் அம்மா எழுதிக்கொடுத்த சீட்டு. அதில் முதல் வரியில் 'சர்க்கரை' என்று பெரிதாக இருந்தது அவளுக்கே தெரிந்தது. சீழ்க்கை அவரைப் பருப்பு வரிசையின் முனைக்கு வந்துவிட்டது. அடுத்த திருப்பம் சர்க்கரைதான்.

பேசாமல் போயிருக்கலாம். முதுகில் ஒட்டிய சீட்டு ஞாபகம் வரத்தான் செய்தது.

"ஏய் வாண்டர்லே! பாலை விடு. சர்க்கரைய எடு, சீக்கிரம்!"

"ஏன்? உனக்கென்ன?"

"விசில் கேக்குதா?"

"கேக்குது. அதுக்கு?"

"எங்கேருந்து கேக்குது?"

வாண்டர்லே தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் வாய் மெல்லத் திறந்தது. அடுத்த நொடி ஒரே தாவில் சர்க்கரை அலமாரிக்கு வந்து, ஐந்து பொட்டலங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆறாவதைத் தாடையால் அமுக்கினான். அப்பா சீழ்க்கை அடித்துக்கொண்டே முனையில் திரும்பினார்.

"வணக்கம் அங்கிள்," என்றான் வாண்டர்லே, தாடையை அசைக்க முடியாமல்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு ஒட்ட ஆரம்பித்தார். டிக். டிக்.

வாண்டர்லே தன் அம்மாவிடம் சொன்னான். அவன் அம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பத்தே நிமிடத்தில் கடையின் நடையே மாறிவிட்டது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, "இப்ப மாவுல இருக்காரு... இப்ப வெண்ணெய்க்குத் திரும்புறாரு..." என்று கிசுகிசுத்தார்கள். ஓட முடியாதவர்கள் முன்கூட்டியே நடந்தார்கள். ஓட முடிந்தவர்கள் அவர்களுக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார்கள்.

மேலே கண்ணாடி அறையில் ஒட்டாசிலியோவுக்கு ஏதோ உறைத்தது. படியிறங்கி வந்தார்.

"அடெல்மோ! என்ன இது, விசில்?"

"வேலைக்கு நடுவுல வாய் சும்மா இருக்க மாட்டேங்குது சார்."

"சீட்டு எதையாவது விட்டியா?"

"எண்ணிப் பாருங்க சார். ஒண்ணுகூட விடல."

மேனேஜர் ஓர் அலமாரியைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். எல்லாவற்றிலும் புது விலை பளிச்சென்று இருந்தது. அவர் தாடையைச் சொறிந்தார். ஏதோ தப்பு இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

"இருந்தாலும்... கடையில விசில்னா..."

அவர் முடிப்பதற்குள் காப்பி வரிசையிலிருந்து ஒரு பெரிய கூடை பாய்ந்து வந்தது. கூடைக்குப் பின்னால், தொப்பி ஒருபக்கம் சரிய, ஒரு தடித்த அம்மாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க! வெண்ணெய்க்கு வந்துடப் போறான்!"

அது ஒட்டாசிலியோவின் மாமியார்.

"அத்தை! நீங்களுமா?"

"நான்னா என்ன? எனக்கு மட்டும் ராஜா வீட்டுப் பென்ஷனா வருது?" அந்த அம்மாள் மூச்சு வாங்கினாள். "இதோ பாருப்பா ஒட்டாசிலியோ. இவன் வாயை மூடச் சொன்னே, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நீ வேற வீடு பாத்துக்கோ."

மேனேஜர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னா," என்றார், "கொஞ்சம் நல்லா அடி. ரெண்டாவது அடியில சுருதி சேரல."

அந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டர்லே ஜுசாரா வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் ஒரு பீங்கான் தட்டு. அதன்மேல் கத்தியால் வெட்டலாம் போல, சிவப்பாக, கொய்யாப்பழ அல்வா.

"சர்க்கரை இருக்குன்னு அம்மா கிண்டிட்டாங்க," என்றான் வாசல்படியைப் பார்த்துக்கொண்டே. "உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க. நான் தூக்கிட்டு மட்டும்தான் வந்தேன்."

"ஒரு ஓரம் பிஞ்சிருக்கே?"

"அது வழியில காத்துல பிஞ்சிடுச்சு."

ஜுசாரா அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள். இரண்டு கரண்டி எடுத்து வந்தாள். எதிர் ஜன்னலிலிருந்து, "எனக்கு?" என்று குரல் வந்ததால் மூன்றாவதும் எடுத்து வந்தாள். மாலையில் அப்பா தெருவில் நடந்தபோது மூன்றாம் வீட்டு மாமா செங்கல் குவியலிலிருந்து எழுந்து, "என்ன அடெல்மோ, சௌக்கியமா?" என்று கேட்டார்.

விலைகள் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. பணத்தின் பெயரை மாற்றினார்கள், பூஜ்யங்களை வெட்டினார்கள், மறுபடியும் பெயரை மாற்றினார்கள். சுல்மீரா அத்தை எந்தப் பெயரையும் கற்றுக்கொள்ளாமல் எல்லாவற்றையும் "இது" என்றே சொன்னாள். செங்கல் மாமாவின் வீட்டில் ஒரு மாடி எழும்பியது.

ஜுசாராவுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு புதுப் பணம் வந்தது. மற்றவை போல இதுவும் கரையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. விலை அசையவில்லை. அப்பா விலை ஒட்டும் கருவியை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, பெட்டிகளை அடுக்கும் வேலைக்கு மாறினார்.

அந்த மாதம் பென்ஷன் வாங்கியதும் அத்தை ஜுசாராவைக் கூப்பிட்டாள். கடைக்குள் நுழைந்த உடனே ஜுசாராவின் கால்கள் பழக்கத்தில் எண்ணெய் வரிசையைப் பார்த்து ஓட ஆரம்பித்தன. எப்படியெல்லாம் ஓடிய இடம்! எத்தனை பேர் சேர்ந்து ஓடிய இடம்! இப்போது அது வெறிச்சென்று இருப்பது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அத்தை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி ஓடுற? எண்ணெய் அங்கேயேதான் இருக்கும். வா, மெதுவாப் பாக்கலாம்."

அவர்கள் ஒவ்வொரு வரிசையாக நின்றார்கள். வாங்கப் போவதில்லை என்று தெரிந்த ஜாம் பாட்டில்களைக்கூட எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். வெண்ணெய் முன்னால் அத்தை கொஞ்சம் கதை பேசினாள். ஒரு பாட்டில் எண்ணெய் வாங்க அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.